பெருந்தொற்றுக் காலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை: தள்ளிவைப்பதா, தொடர்வதா, மாற்றுவதா, இடம் மாறுவதா?

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, கீமோதெரபியில் மூன்று சுழற்சிகளை முடித்து நான்காவதற்குக் காத்திருந்தவர், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தவர், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டும் இன்னும் பயாப்ஸி எடுக்காதவர் என எல்லோரும் ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். மருத்துவமனைக்குப் போனால் கொரோனா தொற்றக்கூடும். போகாவிட்டால் புற்றுநோய் முற்றக்கூடும். இவற்றில் முதல் அபாயத்தைத் தொலைக்காட்சிச் செய்திகள் மாலைதோறும் மாவட்டவாரியாக எண்ணிக்கையுடன் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டாவது அபாயத்துக்கு அப்படி ஒரு தினசரிக் கணக்கு யாரிடமும் இல்லை. ஆகவே பலர் முதலாவதற்கு அஞ்சி வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களை வரச் சொல்ல வேண்டிய மருத்துவர்களில் சிலரும் அதே அச்சத்தில் தேதிகளைத் தள்ளிவைத்தார்கள்.

கோவிட் காலத்தின் தரவுகள் இப்போது கையில் உள்ளன. மறுபடியும் ஒரு பெருந்தொற்று வந்தால் நோயாளியின் குடும்பமும் மருத்துவரும் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை, அன்றிருந்த பதற்றம் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. வழிகள் நான்கு. சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம், திட்டமிட்டபடியே தொடரலாம், சிகிச்சையின் வடிவத்தை மாற்றலாம், அதே சிகிச்சையை வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்கு நகர்த்தலாம். நான்கும் அன்று நடைமுறையில் இருந்தன. ஆனால் அவற்றின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. தள்ளிவைப்பது ஒரு முடிவே அல்ல, முடிவெடுக்காமல் பொறுத்திருப்பது மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அந்த எண்ணந்தான் அதிகச் சேதம் விளைவித்தது என்பது என் கருத்து.

நேஷனல் கேன்சர் கிரிட் என்னும் இந்தியப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு, 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு 41 மையங்களில் ஒப்பிட்டது. புதிதாகப் பதிவு செய்துகொண்ட நோயாளிகள் 1,12,270 பேரிலிருந்து 51,760 பேராகக் குறைந்திருந்தார்கள். அதாவது 54 சதவீதச் சரிவு. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதமும், மறுபரிசோதனைக்கான வருகைகள் 46 சதவீதமும், உள்நோயாளியாகச் சேராமல் பெறும் கீமோதெரபி 37 சதவீதமும் குறைந்தன. கதிர்வீச்சுச் சிகிச்சை மட்டும் 23 சதவீதத்தோடு நின்றது. இந்த வரிசையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏற்கெனவே சிகிச்சைக்குள் நுழைந்து, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். இன்னும் நோயாளி என்ற சீட்டே கிடைக்காதவர்கள்தான் பெரும்பாலும் காணாமற்போனார்கள். பெருநகர மையங்களில் சரிவு கூடுதலாக இருந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதே. தொலைதூரத்திலிருந்து ரயிலேறி வருபவர்களை நம்பியிருக்கும் மையங்கள் ரயில் நின்றதும் வெறிச்சோடின.

முதலில் தள்ளிவைப்பதை எடுத்துக்கொள்வோம். அதை ஆதரித்தவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து வந்த முதல் ஆய்வு, கோவிட் பாதித்த 1,590 பேரில் புற்றுநோய் வரலாறு உள்ளவர்களுக்கு 39 சதவீதம் கடுமையான விளைவுகள் ஏற்பட்டதாகவும், மற்றவர்களுக்கு அது 8 சதவீதமே என்றும் கூறியது. உலகெங்கும் வழிகாட்டுதல்கள் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே எழுதப்பட்டன. ஆனால் அந்த 1,590 பேரில் புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் வெறும் 18 பேர். அவர்களிலும் பலர் சிகிச்சையை எப்போதோ முடித்துவிட்டுக் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்கள். பதினெட்டுப் பேரை வைத்து ஓர் உலகமே கீமோதெரபியை நிறுத்துவது பற்றி யோசித்தது என்பது, அன்றைய நிலையில் புரிந்துகொள்ளக்கூடியதுதான் என்றாலும், ஆதாரத்தின் எடையைப் பார்க்காமல் முடிவெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சில மாதங்களில் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு 800 நோயாளிகளைக் கண்காணித்தது. புற்றுநோயும் கோவிட்டும் சேர்ந்து வந்த அவர்களில் 226 பேர் இறந்தார்கள். இது சிறிய எண்ணிக்கை அன்று. அச்சம் பொய்யும் அன்று. ஆனால் முந்தைய நான்கு வாரங்களுக்குள் கீமோதெரபி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வயது, ஆணாக இருத்தல், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் போன்ற உடன் நோய்கள் ஆகியவையே இறப்பைத் தீர்மானித்தன. முப்பத்தைந்து வயதில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறும் பெண்ணையும், எழுபது வயதில் சர்க்கரையும் இதய நோயும் உள்ள நுரையீரல் புற்றுநோயாளியையும் ஒரே அளவுகோலால் பார்த்து இருவருக்கும் தேதியைத் தள்ளியது பிழை என்று இதிலிருந்து தெரிகிறது. ரத்தப் புற்றுநோய்கள் இதில் தனி வகை: நோய் எதிர்ப்பு அணுக்களையே அவை தாக்குவதால், அந்நோயாளிகளுக்குக் கோவிட் உண்மையிலேயே கொடியதாக இருந்தது. ஆனால் தீவிர ரத்தப் புற்றுநோய் என்றால் சிகிச்சைக்கு ஒரு வாரம்கூடப் பொறுக்காது. அங்கே தள்ளிவைப்பது பேச்சுக்கே இடமில்லாதது.

மறுதட்டில் தாமதத்தின் விலை இருக்கிறது. 34 ஆய்வுகளையும் ஏறத்தாழ 12.7 லட்சம் நோயாளிகளையும் திரட்டி 2020 நவம்பரில் வெளியான பகுப்பாய்வு ஒன்று, அறுவை சிகிச்சை நான்கு வாரம் தாமதமானால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுவதாகக் காட்டியது. இந்த எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு பேரில் கூடுதலாக ஆறேழு பேர் இறப்பார்கள் என்பது இதன் பொருள் அன்று. நூறில் இருபது பேர் இறக்கக்கூடிய நோயென்றால், அது தோராயமாக இருபத்தொன்று, இருபத்தொன்றரை ஆகும் என்பதே பொருள். அப்படியானால் ஒரு மாதம் பொறுப்பதில் என்ன பெரிய நட்டம் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. தொற்று உச்சத்தில் இருக்கும் ஊரில், மூச்சிரைப்பு உள்ள முதியவருக்கு, மெதுவாக வளரும் கட்டி என்றால், ஒரு மாதம் பொறுப்பதே புத்திசாலித்தனம். சிக்கல் என்னவென்றால் அந்த ஒரு மாதம் ஒரு மாதமாக நிற்பதில்லை. சென்னையில் 2020 மார்ச்சில் தள்ளிவைக்கப்பட்டவர் மே வரை காத்திருந்து, மறுபடி தேதி வாங்கும் நேரத்தில் ஜூன் 19 அன்று நகரில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. அபாயம் நான்கு வாரத்துக்கு நான்கு வாரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகிறது.

தள்ளிவைக்கக்கூடிய நோய்கள் எவை என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தீவிரம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோய், சிறிய பாப்பில்லரி வகைத் தைராய்டு கட்டி, அறிகுறி எதுவும் தராமல் மெதுவாக வளரும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய், மெலனோமா என்னும் கொடிய வகை அல்லாத பெரும்பாலான தோல் புற்றுநோய்கள், சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆனவர்களின் வழக்கமான ஸ்கேன் ஆகியவை சில மாதம் பொறுக்கும். பொறுக்காதவையும் அதேபோலத் தெளிவானவையே: தீவிர ரத்தப் புற்றுநோய்கள், வேகமாக வளரும் லிம்போமா, விந்தகப் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான புற்றுநோய்கள், பாதியில் இருக்கும் கதிர்வீச்சு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முழுவதும் எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள், முடிய வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. தலை, கழுத்துப் புற்றுநோயில் நடுவில் விடுபடும் ஒவ்வொரு நாளும் கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. நம் நாட்டில் புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் மிகுதி. அது வாரக்கணக்கில் பெரிதாகி, அறுவை சிகிச்சைக்கு உரிய நிலையைத் தாண்டிவிடக்கூடியது. இவற்றுக்கு இடைப்பட்ட பெரும் பகுதியில்தான் உண்மையான விவாதம் இருக்கிறது. அங்கே தள்ளிவைப்பதற்கு நான் ஒரு நிபந்தனை மட்டும் வைப்பேன். சீட்டில் மறுதேதியும், அந்தத் தேதியில் யார் யாரை அழைப்பது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘நிலைமை சரியானதும் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவது மருத்துவ ஆலோசனை ஆகாது.

திட்டமிட்டபடி தொடர்வது இரண்டாவது வழி. இதில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அனுபவம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது, அது தகுதியானதே. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை, அதாவது ஊரடங்கின் மிகக் கடுமையான வாரங்களில், அங்கே 494 பெரிய புற்றுநோய் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது, ஒருவரும் இறக்கவில்லை. இதற்கு நேர் எதிராகத் தோன்றும் மற்றோர் எண்ணும் அதே ஆண்டில் வந்தது. 24 நாடுகளில் 1,128 நோயாளிகளைத் தொகுத்த ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சையை ஒட்டிக் கோவிட் தொற்றியவர்களில் 23.8 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்திருந்தார்கள்.

ஒன்று பூஜ்யம், மற்றது கால்வாசி. இரண்டையும் செய்தித்தாளில் அடுத்தடுத்து படிக்கும் குடும்பம் குழம்பித்தான் போகும். உண்மையில் இவை முரண்படவில்லை. இரண்டாவது ஆய்வு தொற்றியவர்களை மட்டுமே எண்ணியது. முதலாவது அறுவை சிகிச்சைக்கு வந்த அனைவரையும் எண்ணியது. ஆக, தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வி, அந்த மருத்துவமனையால் தொற்றை அறுவை அரங்குக்கும் வார்டுக்கும் வெளியே நிறுத்த முடியுமா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. கோவிட் நோயாளிகள் கலக்காத தனிக் கட்டடத்திலோ தனிப் பிரிவிலோ செய்யப்பட்ட புற்றுநோய் அறுவை சிகிச்சைகளில் நுரையீரல் சிக்கல்கள் 2.2 சதவீதமாகவும், அப்படிப் பிரிக்காத இடங்களில் 4.9 சதவீதமாகவும் இருந்தன என்று 55 நாடுகளின் தரவு சொல்கிறது. சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துப் பன்னோக்கு மருத்துவமனை கோவிட்டுக்கென ஒதுக்கப்பட்டதைப் போல, ஒரு நகரில் சில மருத்துவமனைகளைத் தொற்றுக்கென ஒதுக்குவதன் மறுபக்கம், வேறு சிலவற்றைத் தொற்றில்லாமல் காப்பதாக இருக்க வேண்டும். முதற்பாதி எங்கும் அரசாணை போட்டு வேகமாக நடந்தது. மறுபாதி அந்தந்த மருத்துவமனையின் பொறுப்பாக விடப்பட்டது.

டாடா மருத்துவமனையின் பூஜ்யத்தையும் அளவோடுதான் வாசிக்க வேண்டும். அந்த நோயாளிகளின் இடைநிலை வயது 48, அதாவது பாதிப் பேர் அதற்கும் குறைந்த வயதினர். அறுபதைத் தாண்டியவர்கள் 13 சதவீதமே. மும்பையில் அலை அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்கும் தீவிர சிகிச்சைப் படுக்கைக்கும் நாடு அலைந்தபோது, மயக்க மருந்து நிபுணர்களும் செவிலியர்களும் தாங்களே நோயுற்றுக் கிடந்தபோது, தொடர்வது என்ற அதே சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு நாள் வென்டிலேட்டர் தேவைப்படக்கூடிய உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவையை அப்போது தொடங்குவது துணிச்சல் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்ததன்று. ஏற்கெனவே கோவிட் வந்து தேறியவருக்கு ஏழு வாரம் கழித்தே அறுவை சிகிச்சை செய்வது பாதுகாப்பானது என்ற அறிவும் அந்தக் காலகட்டத்தில்தான் உறுதிப்பட்டது.

தொடர்வதன் உண்மையான கடினம் பெரிய அறுவை சிகிச்சையில் தெரிவதைவிடக் கீமோதெரபியில் ஒரு சாதாரண இரவில் தெளிவாகத் தெரியும். மருந்து ஏற்றிய பத்தாவது நாளை ஒட்டி வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அன்று இரவு காய்ச்சல் 101 டிகிரி. வழக்கமான காலத்தில் இதற்கு ஒரே விடை: உடனே மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை, முதல் மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். பெருந்தொற்றுக் காலத்தில் அதே காய்ச்சலோடு வருபவரை வாசலில் வெப்பமானியோடு நிற்பவர் காய்ச்சல் பிரிவுக்குத் திருப்பிவிடுவார். அங்கே மூக்கில் சளி மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை, கோவிட் இருக்கக்கூடியவர்கள் நடுவே உட்காரவைப்பார்கள். எதிர்ப்பு அணுக்களே இல்லாத ஒருவர் உட்காரக் கூடாத இடம் அது. ஆன்டிபயாட்டிக் போட வேண்டிய மணி நேரமும் அங்கேயே கழிந்துவிடும். ஆகவே தொடர்வது என்று முடிவெடுக்கும் குடும்பம், மருந்து ஏற்றும் நாளுக்கு முன்பே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: நடு இரவில் காய்ச்சல் வந்தால் எந்த வாசலுக்கு வர வேண்டும், யாருடைய கைப்பேசிக்கு அழைக்க வேண்டும்? இதற்கு மருத்துவமனையிடம் விடை இல்லையென்றால், அங்கே தொடர்வதன் அபாயம் நோயாளியின் வயதையோ நோயின் நிலையையோ பொறுத்ததாக மட்டும் இருக்காது.

மருத்துவர்களின் பக்கமும் இதில் அடங்கும். பல மருத்துவமனைகள் பணியாளர்களை ஒருவரோடொருவர் சந்திக்காத இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்று நோயுற்றால் மற்றது தொடரும்படி வைத்தன. பயிற்சி மருத்துவர்கள் கோவிட் வார்டுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வாயையும் தொண்டையையும் திறந்து வேலை செய்யும் அறுவை மருத்துவர்களுக்கு ஒவ்வொரு நோயாளியும் தொற்றக்கூடியவரே. இவற்றையெல்லாம்விட, இவருக்கு இப்போது, அவருக்குப் பிறகு என்று வரிசைப்படுத்தும் சுமை தனி ஆளின் தோளில் விழுந்ததுதான் பெரிது. ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2020 ஏப்ரல், மே மாதங்களில் 101 நாடுகளில் நடத்திய கருத்தாய்வில், பணிச் சோர்வில் தளர்ந்துவிட்டதாகச் சொன்னவர்கள் 38 சதவீதம். கோவிட்டுக்கு முன்பு போலத் தம் வேலையைச் செய்ய முடியவில்லை என்றவர்கள் 66 சதவீதம். அறுவை, கீமோ, கதிர்வீச்சு நிபுணர்கள் கூடிப் பேசும் டியூமர் போர்டு அந்த வரிசையைத் தீர்மானித்து, காரணத்தைக் கோப்பில் எழுதிவிட்டால், முடிவு ஒருவருடையதாக இராது. காணொளியில் கூடினாலும் போதும்.

மூன்றாவது வழி, சிகிச்சையின் வடிவத்தையே மாற்றுவது. பெருந்தொற்றால் விளைந்த நன்மை என்று எதையாவது சொல்ல முடியுமானால் இந்தப் பகுதியில்தான் சொல்ல முடியும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று வாரங்களில் 15 முறை, மொத்தம் 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அலகு) என்று கொடுக்கப்பட்டுவந்த கதிர்வீச்சை, ஒரே வாரத்தில் 5 முறையாக 26 கிரே கொடுத்தாலும் ஐந்தாண்டுப் பலன் குறையவில்லை என்று ஃபாஸ்ட்-ஃபார்வர்டு என்னும் பிரிட்டிஷ் ஆய்வு 2020 ஏப்ரல் இறுதியில், சொல்லிவைத்ததுபோல், வெளியிட்டது. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பேருந்து ஓடாத நாளில் வாடகைக் காருக்கும் இ-பாஸுக்கும் அலைவது பதினைந்து நாளுக்குப் பதில் ஐந்து நாளாகிறது. அல்லது மூன்று வார லாட்ஜ் வாடகை ஒரு வாரமாகிறது. அவரோடு துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் அதே விகிதத்தில் குறைகிறது. கதிர்வீச்சு இயந்திரத்தின் பக்கம் நின்று பார்த்தாலும், அதே இயந்திரத்தில் முன்பைவிடப் பலருக்கு இடம் கிடைக்கிறது. மலக்குடல் புற்றுநோய்க்கு ஐந்து வாரத்துக்குப் பதில் ஐந்து நாள் கதிர்வீச்சு என்ற முறையும் இதே காரணத்தால் பரவலானது.

ஆனால் மாற்றங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஹார்மோன் ஏற்பிகள் உள்ள, அதாவது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும், மார்பகப் புற்றுநோயில், அறுவை சிகிச்சைக்கு முன் சில மாதம் லெட்ரோசோல் அல்லது டாமாக்சிஃபென் மாத்திரையில் வைத்திருப்பது பாதுகாப்பான பாலம். குணப்படுத்த முடியாத நிலையில் உள்ள தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மீதோட்ரெக்சேட்டும் செலிகாக்சிபும் மாத்திரையாகக் கொடுப்பது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் சிஸ்பிளாட்டினைவிட நன்றாகவே வேலை செய்தது என்று டாடா மருத்துவமனையின் 422 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2020இல் காட்டியது. வாழ்நாளின் இடைநிலை மாத்திரை பெற்றவர்களுக்கு 7.5 மாதம், சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்கு 6.1 மாதம். மலிவான மாத்திரை, வீட்டிலேயே உண்ணலாம், பலனும் கூடுதல் என்றால், அதைப் பெருந்தொற்றுக்கான சமரசம் என்று அழைப்பதே தவறு. இன்னொரு பக்கம், குணமாக்கும் நோக்கத்தோடு ஏற்றப்படும் கீமோதெரபியை வசதிக்காக மாத்திரையாக மாற்றுவதும், சுழற்சிகளைக் குறைப்பதும் உண்டு. இவற்றில் சில உண்மையான இழப்பு. வடிவத்தை மாற்றச் சொல்லும் மருத்துவரிடம் குடும்பம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த மாற்றம் பழைய சிகிச்சைக்குச் சமமானதா, அல்லது சூழ்நிலைக்காக ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கிறோமா? இரண்டாவது என்றால் எதை, எவ்வளவு?

நான்காவது வழியை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்ற மூன்றைவிட அதுவே நம் சூழலுக்கு மிகவும் பொருந்தும் என்பதும், மிகக் குறைவாகவே ஆயத்தம் செய்யப்பட்டிருந்தது என்பதுந்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஊரடங்கு காலத்தில் தன் நோயாளிகளுக்கான கீமோதெரபியையும் மறுபரிசோதனையையும் கேரளத்தின் மாவட்ட மருத்துவமனைகளுக்கு நகர்த்தியது. மருந்துகளைத் தீயணைப்புத் துறையினர் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அம்மையத்தில் நீண்ட காலமாகச் சிகிச்சை பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தவர்கள் மாநில எல்லை மூடப்பட்டதால் தவித்தபோது, அவர்களுக்கான சிகிச்சையை நாகர்கோவிலில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொடுக்க ஏற்பாடு நடந்தது. சிகிச்சையைத் திட்டமிடுவது ஓரிடம், மருந்து ஏற்றுவது வேறிடம் என்ற இந்தப் பிரிப்புதான் இவ்வழியின் உயிர்.

எல்லாவற்றையும் நகர்த்த முடியாது. சிக்கலான அறுவை சிகிச்சையும், தீவிர ரத்தப் புற்றுநோயின் தொடக்கக் கட்டச் சிகிச்சையும் அந்தந்த மையத்தில்தான் நடக்க வேண்டும். பாதியில் இருக்கும் கதிர்வீச்சை வேறு ஊருக்கு மாற்றுவது, இயந்திரமும் கணக்கீடும் மாறுவதால், ஏறக்குறைய முதலிலிருந்து திட்டமிடுவதற்குச் சமம். அதற்குள் நாட்கள் போய்விடும். நகர்த்தக்கூடியவை, பலமுறை கொடுத்துப் பழகிய கீமோதெரபி, ரத்தப் பரிசோதனை, வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி, புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவை. இவற்றுக்கும் சில முன்தேவைகள் உண்டு. மருந்தைக் கலக்கவும், அது நரம்பிலிருந்து வெளியே கசிந்தால் என்ன செய்வதென்றும் பயிற்சி பெற்ற செவிலியர் அங்கே இருக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது சுழற்சி, கடந்த முறை என்ன பக்கவிளைவு வந்தது என்பதை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். நம் டிஸ்சார்ஜ் சம்மரிகள் பலவற்றில் இந்த விவரங்கள் நாலு பக்கத்தில் சிதறிக் கிடக்கும். காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு மருத்துவமனையின் பெயரில் முன் அனுமதி பெற்றிருந்தால், இடம் மாறும்போது அதைப் புதிதாக வாங்க வேண்டிவரும். இந்த மூன்றும் தொற்று வந்த பிறகு செய்து முடிக்கக்கூடியவை அல்ல. அமைதியான காலத்திலேயே ஒரு சுழற்சியையாவது உள்ளூரில் ஏற்றிப் பழகியிருந்தால்தான், நெருக்கடியில் அந்த வழி திறந்திருக்கும்.

இவற்றோடு தொலைபேசி ஆலோசனையையும் ஓர் வழியாகச் சிலர் சேர்ப்பார்கள். 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. மறுபரிசோதனை வருகைகளில் கணிசமான பகுதியை அவை வீட்டிலிருந்தே முடிக்க உதவின. ஆனால் புதிதாகத் தோன்றிய கட்டியைத் தொலைபேசியில் தடவிப் பார்க்க முடியாது. முதலில் சொன்ன அந்த 54 சதவீதச் சரிவில் அடங்கியவர்களுக்கு நான்கு வழிகளும் பொருந்தா. அவர்களுக்கு இன்னும் நோயின் பெயரே தெரியாது. இங்கிலாந்தில் நோயறிதல் தாமதத்தால் மட்டும் மார்பகம், பெருங்குடல், நுரையீரல், உணவுக்குழாய் ஆகிய நான்கு புற்றுநோய்களில் ஐந்தாண்டுக்குள் 3,291 முதல் 3,621 வரை கூடுதல் இறப்புகள் நேரும் என்று 2020இல் கணக்கிட்டார்கள். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு ஆகியவற்றுக்குத் தொற்று உச்சத்திலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பயாப்ஸி ஒரு நாள் வேலை. அதன் தொற்று அபாயமும் ஒரு நாளைக்கானதே.

தடுப்பூசி வந்த பிறகு தட்டுகள் மறுபடி மாறின. 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களோடு, 45 வயதைத் தாண்டிய புற்றுநோயாளிகளும் இந்தியாவில் தடுப்பூசிக்குத் தகுதி பெற்றார்கள். அதிலிருந்து, ரத்தப் புற்றுநோய் அல்லாத, கட்டியாக வளரும் புற்றுநோய்களைப் பொறுத்தவரை, தள்ளிவைப்பதற்கான வாதம் பெரிதும் வலுவிழந்தது. என்னைக் கேட்டால், தடுப்பூசி இல்லாத முதல் அலையானாலும் முதலில் பார்க்க வேண்டியது அருகில் நகர்த்த முடியுமா என்பது. அடுத்தது சமமான குறுகிய வடிவம் உண்டா என்பது. இரண்டும் இல்லையென்றால், தொற்றைப் பிரித்து வைத்திருக்கும் மருத்துவமனையில் தொடர்வது. தள்ளிவைப்பது கடைசியில், தேதியோடு.

குணமாக்கும் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. நேஷனல் கேன்சர் கிரிட்டின் அதே கணக்கில் வலி தணிப்புச் சிகிச்சைக்கான பரிந்துரைகளும் 29 சதவீதம் குறைந்திருந்தன. வலி குறைந்ததால் அல்ல. இவர்களுக்கு இன்னொரு கீமோதெரபிக்காக நூறு கிலோமீட்டர் போவதைவிட வீட்டில் வலியில்லாமல் இருப்பதே பெரிது, அதற்கு வாய்வழி மார்ஃபின் வேண்டும். தொலைமருத்துவ நெறிமுறைகளோ, போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைபேசி வழியே பரிந்துரைக்கக் கூடாது என்று தடுக்கின்றன. 2014ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் மார்ஃபின் வைத்துக்கொள்ள ஒரே அனுமதி போதும் என்றானாலும், அந்த அனுமதியை வாங்கி மருந்தை இருப்பில் வைத்திருக்கும் மருத்துவமனை எல்லா ஊரிலும் இல்லை. எனவே இத்தகைய நோயாளி உள்ள குடும்பம், சாலைகள் அடைபடும் முன்பே தங்கள் மாவட்டத்தில் மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, அங்கே ஒருமுறை நேரில் போய்ப் பதிவு செய்து, சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.